பிறாருகூ பலகை

அமேசான் நதியை அடையாறு வரைக்கும் நடத்திக் கூட்டிவந்து, அதிலிருந்த எட்டடி மீனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியவன் நான். சிரிக்காதீர்கள். ஜமீலுன்னிசா டீச்சரும் முதலில் சிரித்தார்.

ரயில் தபாலில் முப்பத்தாறு வருஷம் விலாசம் பிரித்தவன் நான். எந்தப் பெயருக்கும் ஓர் ஊர் உண்டு என்பது என் கட்சி. அன்வரி பேகத்தின் பிரியாணிக் கடைக்குள், பெரிய கண்ணாடித் தொட்டியில், பேர் தெரியாமல் ஒரு மீன் நீந்தினால் விடுவேனா? கோட்டூர்புரம் நூலகத்தில் மூன்று நாள் உட்கார்ந்து (வெளியே முப்பது என்றுதான் சொல்கிறேன்) கண்டுபிடித்தேன். பிறாருகூ! அமேசான் பக்கத்துத் தூப்பி மொழியில் 'பிறா' என்றால் மீன். 'உருகூம்' என்றால் குங்குமச் சாயம் தரும் ஒரு விதை. ஆகமொத்தம், சிவப்பு மீன். 'பிறாருகூ: சிவப்பு மீன்' என்று பலகை எழுதி நானே மாட்டினேன்.

மீனோ கன்னங்கரேல் என்றிருந்தது.

"இன்னா சார், வர்றவன்லாம் போர்டப் படிச்சிட்டு சிரிச்சிக்கினு போறான். கழட்டிடவா?" பேகத்தின் கையில் ஸ்க்ரூடிரைவர்.

"கழட்டுங்க," என்றார் டீச்சர். விலங்கியல் நடத்தி ஓய்வுபெற்றவர். எங்கள் வாக்கிங் கோஷ்டியில் என்னை நம்பாத கடைசி ஆள். "இவரோட எட்டடி மீன் நாலரை அடிதான். சிவப்பும் அதே கணக்குதான்."

பலகை இறங்கினால் என் பேச்சுக்கு இனி யார் காது கொடுப்பார்கள்?

ஒரு திருகாணி கழன்றது. இரண்டாவதில் கை வைத்தபோது கரண்ட் போனது. தொட்டியின் நீல விளக்கும் அணைந்தது. கடல் மாதிரி இருக்கட்டுமே என்று நதி மீனுக்குப் பேகம் போட்ட விளக்கு!

டீச்சர் திடுக்கிட்டார். "அட! நீல வெளிச்சத்துல சிவப்பு கறுப்பாத்தானே தெரியும்?" ஓடிப்போய், வெயிலுக்காகப் பாதி இறக்கியிருந்த வாசல் ஷட்டரை அவரே மேலே தள்ளினார்.

பன்னிரண்டு மணி வெயில் தொட்டிக்குள் இறங்கியது. காற்றை விழுங்க மீன் மேலே வந்து புரண்டது. நடு உடம்பிலிருந்து வால் வரை செதில் ஓரமெல்லாம் சிவப்பு! மாடவீதிக் குங்குமக் கடையே தொட்டியில் கவிழ்ந்துவிட்டது. பிரியாணிக்கு வந்த நாலு பேர் (நானூறு என்றே வைத்துக்கொள்ளுங்கள்) கைதட்டினார்கள்.

பேகம் கழற்றிய திருகாணியைத் திரும்ப முறுக்கினார்.

நான் டீச்சரைப் பார்த்தேன். அவர் மீனைப் பார்த்தார்.

"நாலரை அடிதான்," என்றார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஆனா சிவப்பு சார். என் ரெண்டு கண்ணால பார்த்தேன். நடந்தது நடந்ததுதான்."