கைக்குழந்தை வகுப்பு

தேர்வு வாரியத்தில் புள்ளிவிவரப் பிரிவில் வேலை பார்த்த அவளுக்கு வீட்டில் 'கணக்குப்பிள்ளை' என்று பேர். நாத்தனார் கேலிக்கு வைத்த பேர், அப்படியே ஒட்டிக்கொண்டது.

நாத்தனார் கல்வித்துறையில் இணை இயக்குநர். பிள்ளைகளைக் கண்ணால் கற்பவர், காதால் கற்பவர், கையால் கற்பவர் என்று மூன்றாகப் பிரித்து, சட்டையில் வண்ண வில்லை குத்தி, தனித்தனி வகுப்பில் உட்கார வைக்கும் திட்டம் அவளுடையது. சில பள்ளிகளில் அது ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது.

கணக்குப்பிள்ளையின் மகளுக்குப் பச்சை வில்லை. கையால் கற்கும் பிள்ளையாம். பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் எழுத்துக் கூட்டிப் படித்தபோது இவள் களிமண் உருட்டினாள். மற்ற பிள்ளைகள் அந்தப் பச்சை வகுப்புக்குக் 'கைக்குழந்தை வகுப்பு' என்று பேர் வைத்து, இடைவேளையில் தாலாட்டுப் பாடிக் காட்டினார்கள். நான்காம் வகுப்பு முடிந்தும் பேருந்துப் பலகையைப் படிக்க அவளால் முடியவில்லை.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கணக்குப்பிள்ளை இதைக் கேட்டே விட்டாள். நாத்தனார் சோற்றிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "திட்டத்துல குறையில்ல. எங்க வீட்டு விதையிலயும் குறையில்ல. நிலத்தைத்தான் பாக்கணும்."

மாமியார் சிரித்தாள். கணவன் தட்டைப் பார்த்தான். மகள் கை கழுவ எழுந்து போனவள் திரும்பி வரவில்லை.

வாய்ச்சண்டையில் நாத்தனாரை ஜெயித்தவர் அந்த வீட்டில் கிடையாது. ஆனால் அந்தச் சொல்லைக் கணக்குப்பிள்ளை மறக்கவில்லை.

திட்டத்தை எல்லாப் பள்ளிகளுக்கும் விரிக்கப் பேச்சு வந்தபோது, பலன் உண்டா என்று சோதித்துக் காட்டினால்தான் பணம் என்றது நிதித்துறை. சோதிக்கும் பொறுப்பு தேர்வு வாரியத்துக்கு வந்தது. அவள் கேட்டு வாங்கினாள். உறவுமுறையை மறைக்கவில்லை. "நம்ம வீட்டுப் பொண்ணுதானே, செய்யட்டும்" என்று நாத்தனாரே ஒப்புதல் தந்தாள்.

வாரியத்து மேலதிகாரிக்கு மட்டும் சந்தேகம். "பழி தீக்கப் போறியாம்மா?"

"ஆமா சார். அதனாலதான் கணக்குல ஒரு பிசிறு இருக்காது."

சொன்னபடியே செய்தாள். பள்ளிகளையும் ஆசிரியர்களையும் வினாத்தாளையும் நாத்தனாரையே பொறுக்கச் சொன்னாள். எந்தப் பள்ளிக்கு வில்லை, எதற்கு வேண்டாம் என்பதை மட்டும் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தாள். அந்தச் சீட்டையும் நாத்தனார் கையாலேயே எடுக்க வைத்தாள். "லாட்டரி நடத்துறியா?" என்று சிரித்துக்கொண்டே எடுத்தாள் அவள். விடைத்தாள் திருத்தியவர்களுக்கு எது எந்தப் பள்ளி என்றே தெரியாது.

ஓராண்டு கழித்து முடிவு வந்தது. வில்லையால் யாருக்கும் ஒரு பலனும் இல்லை. பச்சை வில்லைப் பிள்ளைகளோ, வில்லையே குத்தாத பள்ளிகளில் தங்களைப் போலவே கையால் கற்பவர் எனக் கணிக்கப்பட்டிருந்த பிள்ளைகளைவிட வாசிப்பில் வெகுவாகப் பின்தங்கியிருந்தார்கள்.

நாத்தனார் முதன்முறையாக அவளுடைய அலுவலகத்துக்கு வந்தாள். கேலிப் பேர் வாயில் வரவில்லை. "என் பதவி உயர்வு முடியட்டும்மா. அதுவரைக்கும் அறிக்கையைத் தள்ளிப் போடு."

"அதுவரைக்கும் பிள்ளைங்க களிமண் உருட்டணுமா அண்ணி?"

"நல்ல எண்ணத்துலதான் செஞ்சேன். உனக்கு என் மேல வஞ்சம்."

"வஞ்சம் இருக்கு. ஆனா இந்த முடிவுல அது இல்ல. எங்கேயாவது இருந்தா காட்டுங்க, இப்பவே கிழிச்சுப் போடறேன்."

நாத்தனார் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அறிக்கையை எடுத்து வைத்த கூட்டத்தில் கணக்குப்பிள்ளை குரலை உயர்த்தவில்லை. நிதித்துறைச் செயலாளர் நாத்தனாரிடம் கேட்டார்: "பள்ளிகளைத் தேர்ந்தெடுத்தது யாரு?"

"நான்தான்."

"ஆசிரியர்களை?"

"நான்தான்."

"சீட்டு எடுத்தது?"

மூன்றாவது 'நான்தான்' உதட்டசைவாக மட்டும் வந்தது. எதிரே உட்கார்ந்து அந்த முகத்தைக் கடைசிவரை பார்த்தாள் கணக்குப்பிள்ளை. ஒரு கணம்கூடக் கண்ணை எடுக்கவில்லை.

திட்டம் கைவிடப்பட்டது. வில்லைகள் மூட்டை மூட்டையாகத் திரும்பி வந்தன. நாத்தனாரைப் பாடநூல் கிடங்குக்கு மாற்றினார்கள்.

"அக்கா அழுதாங்க. உனக்கு மனசு குளிர்ந்துச்சா?" என்று கேட்டான் கணவன்.

"குளிர்ந்துச்சு" என்றாள். பொய் சொல்லவில்லை.

மகள் இப்போது தினமும் மாலையில் எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். மெதுவாகத்தான் வருகிறது. ஒருநாள் நடுவில் நிறுத்திக் கேட்டாள்: "அத்தை ஏம்மா வர்றதே இல்ல?"

"வேலை மாத்திட்டாங்க. கிடங்குல இருக்காங்க."

"பாவம்" என்றாள் மகள்.

தாய்க்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. புத்தகத்தை இன்னும் கொஞ்சம் மகள் பக்கம் நகர்த்தினாள். "அடுத்த வரியப் படி."