ஐந்தும் நாற்பதும்

ஓட்மார் ஏமாற்றுக்காரன் என்று ஏப்ரலிலேயே முடிவு கட்டிவிட்டேன். நவம்பர் வரை வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

எஸ்லிங்கனில் எங்கள் சங்கம் ஐம்பதுகளின் பென்ஸ் 180 கார் வைத்திருப்பவர்களுக்கு மட்டும். ஆலையிலிருந்து வெளிவந்தபோது இருந்த அதே என்ஜின் இன்றும் இருந்தால் கண்காட்சியில் வண்டிக்கு முதல் வரிசை. மாற்றிவிட்டு மறைத்தால் ஆளை நீக்கிவிடுவோம். எண்களைச் சரிபார்ப்பது நான், வில்ஃப்ரீட் ட்ராவ்ப். முப்பது வருஷம் ஆலையில் அளவு பார்த்தவன். என் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது.

அந்த ஏப்ரலில் ஓட்மாரின் வண்டி மூடியைத் தூக்கிக் குனிந்தேன். என்ஜினில் பொறித்த எண் 45 என்று முடிந்தது. என் பதிவேட்டில் 54.

“என்னடா, அப்படி மோந்து பாக்கறே? திங்கப் போறியா?” என்றான் ஓட்மார்.

“ஒண்ணுமில்ல. ரொம்பச் சுத்தமா இருக்கு.”

“இருக்காதா பின்னே? ஞாயித்துக்கிழமை பூரா துடைச்சேன்ல.”

துடைத்தானாம்! எதைத் துடைத்தான்?

அதற்குப் பிறகு எல்லாமே சந்தேகமாகத்தான் தெரிந்தது. இந்த வண்டிக்குத் தனியாக இரும்பு அடிச்சட்டம் கிடையாது, உடம்பே அடிச்சட்டம். ஆனால் என்ஜினும் முன்சக்கரங்களும் ஒரு சின்னத் தாங்கியின் மேல் உட்கார்ந்திருக்கும், அந்தத் தாங்கியை ரப்பர் வைத்து உடம்போடு முடுக்கியிருப்பார்கள். போல்ட்டுகளைக் கழற்றினால் மொத்தமும் முன்பக்கமாக வந்துவிடும். கெட்டிக்காரனுக்கு இரண்டு நாள் வேலை. ஓட்மார் கெட்டிக்காரன்தான். மே மாதம் மலைச்சாலையில் என்னைத் தாண்டிக்கொண்டு போனான். பழைய என்ஜின், ஐம்பத்திரண்டு குதிரைச் சக்தி, இரண்டு பேருக்கும் அதேதான். எப்படித் தாண்டினான்? ஜூலையில் நான் போனபோது கொட்டகைக் கதவைச் சட்டென்று சாத்தினான். “ஈ வருதுடா” என்றான். ஈயாம்! நல்ல என்ஜினை எவனுக்கோ விற்றுவிட்டு, உடைசல் வண்டியிலிருந்து ஒன்றைப் பிடுங்கி மாட்டியிருக்கிறான். எனக்குத் துளியும் ஐயமில்லை.

மனைவி போனபிறகு அவனுக்கு இருந்தது இந்தச் சங்கம் ஒன்றுதான். சனிக்கிழமை என்றால் எங்களோடுதான் சாப்பிடுவான். அது தெரிந்தும், நவம்பர் கூட்டத்தில் அவனை நீக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன்.

க்ரோனே விடுதியில் மதியச் சாப்பாடு முடிந்தது. பருப்புத் தட்டுகளை எடுத்துப் போனதும் எண், மலைச்சாலை, கொட்டகைக் கதவு எல்லாம் எழுதியிருந்த என் கடிதத்தைச் செயலாளர் ஹில்ட்ரூட் படித்தார். ஓட்மாரின் காது சிவந்துபோனது.

“உனக்குப் பைத்தியமாடா?” என்றான்.

“எண்ணு பொய் சொல்லாது.”

“மலையில முந்தினதும் அதனாலதானா? நீ ரெண்டாவது கியருக்குப் பயந்து மூணுலயே ஏத்தினே. மாட்டு வண்டி கூட உன்னை முந்தியிருக்கும்!”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “சிரிங்க! எண்ணுக்கு என்ன பதில்?”

ஓட்மார் வண்டிக்குப் போய் ஒரு பழைய அட்டையை எடுத்துவந்தான். வண்டி வெளிவந்த நாளில் ஆலை எழுதிய அட்டை. என்ஜின் எண் 45 என்று முடிந்தது.

“இதையும் நீயே அடிச்சிருப்பே” என்றேன்.

“வில்ஃப்ரீட், போதும்” என்றார் ஹில்ட்ரூட். “ஆலை முத்திரை இருக்கு. உங்க பதிவேட்டுல இருக்கற எண் எங்கேர்ந்து வந்தது?”

“எழுபத்தொன்பதுல இவனே ஃபோன்ல சொன்னான். நான் எழுதினேன்.”

ஹில்ட்ரூட் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பீர் கோப்பைக்கு அடியில் வைக்கும் அட்டை ஒன்றையும் பென்சிலையும் என் முன்னால் தள்ளினார். “எழுதுங்க.” கடகடவென்று எண்களைச் சொல்லிக்கொண்டே போனார்: மூன்றும் எண்பதும், ஆறும் இருபதும், ஐந்தும் நாற்பதும்.

எங்கள் ஜெர்மன் பேச்சில் ஒற்றை இலக்கம்தான் முன்னால் வரும், பத்து பின்னால். நாற்பத்தைந்தை ஐந்தும் நாற்பதும் என்போம். பள்ளி நாளிலிருந்தே நான் காதில் விழுந்த வரிசையில் எழுதுகிறவன்: ஐந்தை முதலில் போட்டு, இடப்பக்கம் விட்ட இடத்தில் நாலை நுழைப்பேன். அவசரத்தில் அந்த இடம் விட மறந்துவிடும்.

ஹில்ட்ரூட் அட்டையைத் தூக்கிக் காட்டினார். முதல் இரண்டும் சரி. மூன்றாவது 54.

கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. பதினாறு வருஷமாக என் கையெழுத்தில் என் புத்தகத்தில் இருந்த பிழைக்கு, என் சிநேகிதனின் வண்டியை ஏழு மாதமாக மோப்பம் பிடித்திருக்கிறேன்.

“ஓட்மார்… என் தப்புடா. மன்னிச்சிடு.”

அவன் ஆலை அட்டையை மடங்காமல் உறைக்குள் வைத்தான். மேல்கோட்டை மாட்டினான்.

“எண்ணைத் தப்பா எழுதறது யாருக்கும் நடக்கும்” என்றான். “ஏப்ரல்லேர்ந்து எத்தனை சனிக்கிழமை என் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டீங்க? ஒரு தடவை கேட்டிருக்கலாமே.”

சாப்பிட்டீங்க. என் காதில் சரியாகத்தான் விழுந்தது. இருபத்துநாலு வருஷமாக ஒருவரையொருவர் டா போட்டவர்கள் நாங்கள். எங்கள் ஊரில் ஒருமுறை ‘நீ’ என்று ஆகிவிட்டால் சாகும்வரை ‘நீ’தான். அதைத் திருப்பி வாங்கிக்கொண்டவனை நான் அதுவரை கண்டதில்லை.

“டேய், உக்காருடா. காப்பி சொல்றேன்” என்றேன்.

“வேண்டாம், திரு ட்ராவ்ப்” என்றான் ஓட்மார். “நீங்க குடிங்க.”