மூன்று நாளைக்கு ஒரு சொம்பு

ஆனந்தகுமாரின் பை மட்கும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எப்போது மட்கும் என்பதில்தான் கோளாறு.

கொழிஞ்சாம்பாறையில் தன் தோட்டத்துக் கொட்டகையில் மெஷின் போட்டு, மரவள்ளிக்கிழங்கு மாவில் நாற்றுப் பை செய்கிறவன் அவன். செடியைப் பையோடு குழியில் வைத்துவிடலாம், பை மண்ணோடு மண்ணாகிவிடும். விற்பதற்கு முன் ஒழுங்காகச் சோதித்தும் பார்த்தான். நூறு பையில் எலுமிச்சை நாற்று வைத்து ஆறு மாதம் வளர்த்தான். ஒன்றுகூடக் கிழியவில்லை.

அந்தத் தைரியத்தில் மலைமேல் ஆனைக்கரைக்கு ஆறாயிரம் பை அனுப்பினான். வாங்கியவர் நல்லமுத்து, கம்பத்துக்காரர். இருபது வருடம் அடுத்தவர் ஏலக்காய்த் தோட்டங்களில் நாற்றங்கால் பார்த்தவர், இந்த வருடம்தான் சொந்தமாக நாற்று போட்டிருந்தார். அத்தனையையும் ஜூனில் எடுத்துக்கொள்வதாக உடும்பஞ்சோலையில் ஓர் எஸ்டேட் வாக்குக் கொடுத்திருந்தது. ஒரே நிபந்தனை, பிளாஸ்டிக் பை கூடாது. இது நடந்தால் அவர் மறுபடி யார் தோட்டத்திலும் வேலைக்கு நிற்க வேண்டாம்.

நாற்றைப் பையில் வைத்த ஐந்தாவது வாரம் போன் வந்தது.

"தம்பி, பையெல்லாம் கூழாப் போச்சு. ஒடனே பொறப்பட்டு வாங்க."

பொள்ளாச்சி, பழனி, தேனி, கம்பம் என்று பஸ் மாறி மலையேறிப் போனான். நாற்றங்காலில் பைகளின் அடிப்பாகம் முழுக்கக் கரைந்து, மண் சரிந்து கிடந்தது. ஒரு செடியின் வேர் பக்கத்துச் செடியின் வேருக்குள் போயிருந்தது. இன்னும் ஒரு வாரம் விட்டால் ஒன்றைத் தூக்கினால் நான்கு அறுந்து வரும். நல்லமுத்து திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது ஆனந்தகுமாருக்கு.

"வித்தீகளே, நாளைக்கு எத்தன தடவ தண்ணி ஊத்திப் பாத்தீக?"

"மூணு நாளைக்கு ஒரு சொம்புங்ணா."

நல்லமுத்து அவனையே பார்த்தார். "ஏலத்துக்குக் காலையும் சாயந்தரமும் ஊத்தணும் தம்பி."

ஆனந்தகுமாருக்கு இது தோன்றவே இல்லை. அவன் ஊரில் ஆயிரம் அடி துளை போட்டாலும் புகைதான் வரும். முகம் கழுவிய தண்ணீரும் அங்கே தென்னைக்குப் போகும். ஒரு நாற்றுக்கு ஒருவன் நாளைக்கு இரண்டு தடவை தண்ணீர் ஊற்றினால், அவனுக்கு என்ன ஆயிற்று என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் வீட்டுக்கே வந்து விசாரிப்பார். அவன் சோதனையில் குற்றம் சொல்ல முடியாது. சோதித்த ஊர்தான் தப்பு.

"கொஞ்சம் தடிமனாப் போட்டா நிக்குமா?" என்று கேட்டார் நல்லமுத்து.

"நாலு நாள் சேத்தி நிக்குமுங்க. தண்ணியே தாங்கோணும்னா பிளாஸ்டிக்கத்தான் கலக்கோணும்."

நல்லமுத்து ஏற்கெனவே முடிவு செய்திருந்தார். கறுப்புப் பிளாஸ்டிக் பைக் கட்டுகள் வந்து இறங்கியிருந்தன. முதலில் செடி பிழைக்கட்டும், ஜூனில் வண்டி ஏற்றும்போது பிளாஸ்டிக்கை உருவிவிட்டுக் கூடையில் அடுக்கிவிடலாம் என்றார். ஆனந்தகுமார் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான். பிளாஸ்டிக் கூடாது என்று ஊர் ஊராய்ப் பேசித் திரிந்தவன், இரண்டு நாளாகப் பிளாஸ்டிக் பையில் மண் நிரப்பினான். வேர் அறாமல் ஒவ்வொரு நாற்றாய் மாற்றினான். வெட்கமாக இருந்தது. ஆனாலும் கை நிற்கவில்லை.

மூன்றாம் நாள் காலை உடும்பஞ்சோலை எஸ்டேட் மேனேஜர் ஜிஸ்மி, பை செய்தவன் என்று அவனுக்கே போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டான். மலையாளம் கலந்த தமிழ்.

"பை அலிஞ்சு கரைஞ்சு போச்சுன்னு இங்கே பணிக்காருங்க பேசறாங்க. சரியா? எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்க."

அவனுடைய பையும் கறுப்புதான். அந்த நிறத்தில் இல்லாவிட்டால் எந்த விவசாயியும் கையில் எடுத்துப் பார்ப்பதில்லை. படத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. நல்லமுத்து குனிந்தே இருந்தார். அவர் கழுத்து நரம்பு மட்டும் புடைத்திருந்தது. ஆனந்தகுமார் எழுந்து, மாற்றி வைத்த வரிசைகளைப் படம் எடுத்து அனுப்பினான்.

"நம்ம பைதானுங்க மேடம். நல்லாத்தான் இருக்குதுங்க."

படத்தைப் பார்த்ததும் ஜிஸ்மியின் குரல் தெளிந்தது.

"கொள்ளாமே, நல்லா இருக்கே! அப்போ நல்லமுத்து சேட்டன்ட நாற்றை நாங்க எடுத்துக்கிறோம். அடுத்த வருஷம் எங்க சொந்த நாற்றங்காலுக்கு இருபதாயிரம் பை வேணும். இப்பவே ஆர்டர் உறப்பிக்கலாமா?"

இதுவரை அவனுக்கு இவ்வளவு பெரிய ஆர்டர் வந்ததில்லை. சரி என்றால் அங்கேயும் ஐந்தாவது வாரம் இதே கூழ்தான். கரைந்துவிடும் என்று உண்மையைச் சொன்னால், இப்போது அனுப்பிய படம் என்ன என்ற கேள்வி வரும், நல்லமுத்துவின் ஆறாயிரமும் போகும்.

"இல்லீங்க மேடம். மெஷின் கெட்டுப்போச்சுங்க. இனி பை ஓட்டறதில்லீங்க."

"அய்யோ, ரிப்பேர் பண்ணி நன்னாக்க முடியாதா?"

"முடியாதுங்க."

போனை வைத்தான். நல்லமுத்து கையில் நாற்றோடு நிமிர்ந்து பார்த்தார்.

"நேத்துக்கூட மெஷின் ஓடுதுன்னு சொன்னீகளே தம்பி?"

"ஓடுச்சுங்ணா," என்றான் ஆனந்தகுமார். "இப்பத்தான் நின்னுச்சு."