துடைத்த திரை

கணவர் நாலாவது எழுத்தைத் தட்டுவதற்குள் அவள் இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினாள். கறுப்புத் திரை காலியானது.

"சுத்தமா இருந்தாதான் அவருக்குப் பிடிக்கும் தம்பி," என்றாள், அப்போதுதான் பையை இறக்கிவைத்த கொழுந்தனிடம்.

புற்று வந்து குரல்வளையை எடுத்தபின் கணவருக்குப் பேச்சில்லை. வேலை பார்த்ததெல்லாம் கம்ப்யூட்டர் சர்வர்களோடு. கட்டளைகள் தட்டுகிற அந்தத் திரையையே கேட்டு வாங்கிப் படுக்கையில் வைத்துக்கொண்டார். ஒற்றை விரலால், ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவார். வீடு திரும்பியதும் முதலில் தட்டியது: 'மக்கு, டீ ஆறிப்போச்சு.'

விருந்தாளிகள் முன்னாலும் அவளை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். அவளும் சிரித்துக்கொண்டே திரும்புவாள்.

திரை நிறைந்தால் துடைக்க அவர் விரல்களால் முடியவில்லை. அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவர் கண்ணைக் காட்டினால் அழுத்துவாள். ஒருநாள் காட்டுமுன்பே அழுத்தினாள். 'மக்கு' என்று மறுபடி தட்டினார். மறுபடி அழுத்தினாள். அன்று அவளுக்கு நன்றாகப் பசித்தது. இரண்டாம் முறையும் சோறு போட்டுக்கொண்டாள்.

பிறகு தண்ணீர் என்றாலும் துடைத்தாள். வலி என்றாலும் துடைத்தாள். கொஞ்சம் கழித்து, தனக்கே நினைவு வந்தவள்போல மாத்திரையோடு வந்து நிற்பாள்.

தம்பி கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்தபடி கட்டிலோரம் உட்கார்ந்தான். "ஏதாவது சொல்லணுமாண்ணா?"

விரல் ஊர்ந்தது. 'இவ அழி' வரைக்கும் வந்தது. துடைத்தாள்.

"என்ன அண்ணி போட்டார்?"

"இவ அழுறாளாம். நான் எங்க தம்பி அழுதேன்?"

தம்பிக்குக் கண் கலங்கியது. "நீங்க இல்லேன்னா அண்ணன் என்னைக்கோ போயிருப்பார்."

கணவரின் வாய் திறந்தது. கழுத்துத் துளையில் காற்று மட்டும் சீறியது. அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அப்படி ஒரு பார்வையை அவள் அவரிடம் கண்டதே இல்லை. எழுந்துபோய் ஜன்னல் திரைச்சீலையைச் சரிசெய்தாள்.

திரும்பியபோது விரல் விசைமேல் கிடந்தது. திரையில் ஒரே எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. துடைத்தாள். மறுபடி ஓடியது. அப்புறம்தான் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அண்ணா!" தம்பி உலுக்கினான். கதறினான். அந்த விரலைத் தூக்கப் போனான்.

"விடுங்க தம்பி," என்றாள். "எழுதட்டும்."

எழுத்து வரிவரியாக நிறைந்து, மேலே மேலே ஏறிப் போய்க்கொண்டிருந்தது.