சாட்சி நின்ற சலவைக்காரி

பள்ளத்தானை ஏமாற்றுக்காரன் என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. அவன் சொன்ன சொல் தவறியதே இல்லை, தொல்லையே அதுதான். தெய்வங்கள் உலகத்தைப் பங்கு போட்டுக்கொண்ட அன்று கடைசியாக வந்து சேர்ந்தவன் அவன். மலை, கடல், மழை எல்லாம் அதற்குள் போய்விட்டிருந்தன. அதனால் பழைய கல்குவாரியில் இறங்கி உட்கார்ந்து, மனிதர்களின் மனசுக்குள் இருப்பதை வாங்கிச் சேர்க்க ஆரம்பித்தான். கேட்டதைக் கொடுப்பான். கேட்ட பொருளின் மீதுள்ள ஆசையைத் தொட மாட்டான். வேறு ஏதாவது ஒரு பாசத்தை எடுத்துக்கொள்வான். ஞாபகம் அப்படியே இருக்கும், பாசம் மட்டும் இருக்காது. போனது போனவருக்கே தெரியாது.

அதனால்தான் எங்கள் ஊரில் சாட்சி வைத்துக்கொள்ளும் வழக்கம் வந்தது. குவாரிக்குப் போகிறவர், தனக்கு உயிரானதையெல்லாம் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போவார். திரும்பி வந்ததும் அந்த ஒருவர் ஒவ்வொன்றாக விசாரித்து, எது போயிற்று என்று தெரிந்துகொள்வார். அப்பன் மேல் பாசம் போனவன் வீட்டில் அந்த அப்பனுக்குச் சோறு போட யாராவது வேண்டுமே. ஆனால் போனவரிடம் உண்மையைச் சொல்லக் கூடாது. சொன்னால் பள்ளத்தான் கொடுத்ததும் போய்விடும். பொய் சொன்னால் ஒன்றும் ஆகாது. அதனால் சாட்சிகள் எல்லோரும், "ஏதோ சில்லறை விஷயம்தான் போச்சு, விடு" என்று புளுகுவார்கள்.

சலவைக் கடை அக்கா தங்கையை ஊருக்கே தெரியும். கடைக்குப் பின்னால் ஒரே அறை, அதில் மூன்று பாய். அக்கா துவைப்பாள், தங்கை கஞ்சி போட்டு இஸ்திரி போடுவாள். சண்டையில் பொழுது விடிந்து சண்டையில் அடங்கும் வீடு.

"ஒரு சட்டைக்கு இவ்வளவு நேரமா, மகாராணி?" என்பாள் அக்கா.

"உன்ன மாதிரி அழுக்கோடவே அலசி விட எனக்கு வராது," என்பாள் தங்கை.

அடுத்த நிமிடம் ஒரே டம்ளரில் மாற்றி மாற்றி டீ குடிப்பார்கள்.

அக்காவின் மகள் குட்டிக்குப் பிறந்ததிலிருந்தே மூச்சு இழுப்பு. ஒருநாள் டாக்டரும் கையை விரித்துவிட்டார். அக்கா குவாரிக்குக் கிளம்பினாள். தங்கைதான் சாட்சி.

"மொதல்ல நீ," என்றாள் அக்கா. "சிரிக்காதடி. நான்தான உன்னத் தூக்கி வளத்தேன், எனக்கு மொதப் புள்ள நீதான். அப்புறம் குட்டி. அம்மாவோட போர்வை. மழைச் சத்தம். புதுச் சோப்பு வாசனை."

அவள் திரும்பி வருவதற்குள் குட்டி தெருவில் ஓடி விளையாடிக்கொண்டிருந்தாள். தங்கை ஒவ்வொன்றாகக் கேட்டாள். குட்டி என்றதும் அக்காவின் முகம் மலர்ந்தது, போர்வை என்றதும் கண் கலங்கியது. மழையும் சோப்பும் அப்படியே இருந்தன.

"நான்?" என்றாள் தங்கை.

அக்கா துணியைப் பிழிந்தபடியே யோசித்தாள். "கூடப் பொறந்தவ. வேல நல்லாத்தான் செய்யுற. வேற என்ன சொல்லணும்?"

தங்கை இஸ்திரிப் பெட்டியை எடுத்து அடுத்த சட்டையை விரித்தாள். சொன்னால் குட்டியின் மூச்சு போய்விடும். "ஏதோ சில்லறை விஷயம்தான் போச்சு, விடு," என்றாள்.

அதன் பிறகு அந்தக் கடையில் சண்டையே இல்லை. தங்கைக்குத் தனி டம்ளர் வந்தது. அவள் காய்ச்சலில் படுத்தபோது, "வேலைக்கு வேற யாரையாவது வெச்சுக்கட்டுமா?" என்று மட்டும் அக்கா கேட்டாள். செத்தவர்களுக்காக அழலாம். எதிரே உட்கார்ந்து சட்டை மடிப்பவளுக்காக எப்படி அழுவது? தங்கை குட்டியைத்தான் இழுத்து இழுத்து மடியில் வைத்துக்கொள்வாள். அவளோ நழுவிக்கொண்டு அம்மாவிடம் ஓடுவாள்.

பிறகு எதிர்த்தெருவில் ஒருவர் மெஷின் வைத்துக் கடை திறந்தார். இவர்கள் கடை நொடித்துப்போகும் அளவுக்கு ஒன்றுமில்லை, கொஞ்சம் வாடிக்கை பிரிந்தது, அவ்வளவுதான். அக்காவுக்கு அது பொறுக்கவில்லை.

"இன்னொரு நடை போயிட்டு வந்துடறேன்," என்றாள். "ஊருல எல்லாத் துணியும் நம்ம கடைக்கே வரணும். போன தடவ எனக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

பள்ளத்தானின் சாமர்த்தியமே இதுதான். வலித்திருந்தால் யாராவது இரண்டாவது தடவை போவார்களா?

மறுபடியும் தங்கையே சாட்சி. "குட்டி," என்றாள் அக்கா. "அப்புறம் இந்தக் கடை. வேற என்ன இருக்கு?" மழையும் போர்வையும் கடைக் கவலையில் எங்கோ ஒதுங்கிவிட்டிருந்தன.

தங்கை கணக்குப் போட்டுப் பார்த்தாள். கடைக்காகப் போகிறவளிடம் கடையைத் தொட மாட்டான். மிச்சம் இருப்பது குட்டி. தடுக்க ஒரு பொய் போதும். 'போன தடவையே குட்டி மேல இருந்த பாசத்துல பாதி போயிடுச்சு' என்றால் அக்கா வாசலைத் தாண்ட மாட்டாள். அந்தப் பொய்யால் யாருக்கும் கெடுதல் இல்லை. வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது.

அந்த நேரம் பார்த்து குட்டி ஓடிவந்தாள். சித்தி நீட்டிய கையைத் தாண்டிப் போய் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அக்காவே விலகிவிட்டால் இந்தப் பிள்ளை இனி தன்னிடம்தானே வரும் என்று தங்கைக்குத் தோன்றியது. தோன்றியதை அவள் விரட்டவில்லை.

"பாத்துப் போயிட்டு வா," என்றாள்.

பள்ளத்தானிடம் அவள் எதையும் கேட்டவளில்லை. ஆனாலும் அவளையும் அவன் அன்றைக்கு வாங்கிவிட்டான் என்றுதான் நான் சொல்வேன்.

எதிர்த்தெருக் கடை மூடியது. இங்கே துணி மூட்டை கூரையை முட்டியது. வழக்கம்போலக் கட்டிக்கொள்ள ஓடிவந்த குட்டியை அக்கா ஒரு கையால் விலக்கினாள். "மடிச்ச துணி மேல விழாத. உன் சித்திகிட்ட போ."

குட்டி போகவில்லை. அம்மா துவைக்கும் தொட்டிக்குப் பக்கத்திலேயே நின்றாள். மறுநாளும் நின்றாள். தங்கை தலை பின்னிவிட்டாள், ஊட்டிவிட்டாள், பாயைத் தன் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். குட்டி எல்லாவற்றுக்கும் உடன்பட்டாள், அம்மா இருக்கும் பக்கம் பார்த்துக்கொண்டே.

ஒரு மதியம் இஸ்திரி மேசைக்கு எதிரே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"சித்தி, நானும் குவாரிக்குப் போறேன். அம்மாவப் பழையபடி ஆக்கிக் குடுன்னு கேக்கப் போறேன். நீதான் சாட்சி. சொல்றேன், கேட்டுக்கோ."

தங்கை அதட்டத்தான் வாயெடுத்தாள். பிறகு இஸ்திரிப் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்தாள்.

குட்டி விரலை மடக்கினாள். "அம்மா. அம்மாவோட ஈரக் கை. வாசல் பூனை. என் சிவப்பு ரிப்பன்."

"அப்புறம்?" என்றாள் தங்கை.

குட்டி அடுத்த விரலைப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்து யோசித்தாள்.

"அவ்வளவுதான் சித்தி," என்றாள்.