மைனா, வீரா

வெள்ளைக் கடல் ஒரு முழத் தடிப்புக்கு உறைந்து கிடந்தது. அதில் முக்கோணமாக அறுத்த துளையின் ஓரத்தில் நிகாந்தர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். மறுமுனை அவன் தங்கை உலீத்தாவின் மார்புப் பட்டையில் மாட்டியிருந்தது. அவள் பனிக்கு அடியில் இருந்தாள்.

பனிக்கு அடியில் முங்கும் பயிற்சிக்கு அன்று ஆறாம் நாள். கயிறு பிடிக்கத் தெரிந்தவர்தான் முங்கலாம் என்பது ஆசிரியை வஸ்ஸா அர்ஹிப்போவ்னாவின் சட்டம். ஓர் இழுப்பு என்றால் நலமா என்று கேள்வி. பதிலுக்கு ஓர் இழுப்பு, நலம். மூன்று இழுப்பு என்றால் என்னைத் தூக்கு. இந்த மூன்றையும் நிகாந்தர் மேசைக்காலில் கயிறு கட்டி இழுத்து இழுத்துப் பழகியிருந்தான். அதற்கு முன் பதினோரு வருடம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன் அவன்.

"அண்ணே, நான் சரக்கு மூட்டையில்ல, ஞாபகம் வச்சுக்கோ," என்று இறங்கும்போது உலீத்தா சொன்னாள்.

"மூட்டையே தேவலாம். அது இவ்வளவு பேசாது."

உதவிக்கு முங்க வேண்டிய நஸார் முழு உடுப்போடு சறுக்குவண்டியில் உட்கார்ந்து கறுப்பு ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தான். முப்பது அடி தள்ளி இன்னொரு துளை, ஆபத்துக்கென்று அறுத்தது. அதன்மேல் படிந்த மெல்லிய பனியை உடைக்க வஸ்ஸா போயிருந்தாள்.

கயிறு துள்ளியது. ஒன்று. இரண்டு. மூன்று.

எண்ணியது சரிதானா? அந்த ஒரு நொடி அவன் தயங்கினான். அதற்குள் வஸ்ஸாவின் காலடியில், பனிக்கு அடியில், வெள்ளை வெள்ளையாகக் குமிழிகள் கொப்பளித்தன. மூச்சுக்கருவி உறைந்து காற்றைக் கொட்டுகிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"மைனா!" என்று அலறினாள். "நிகாந்தர், மைனா! மைனா!"

பனியில் அறுத்த துளைக்கு அந்த வட்டாரத்தில் மைனா என்றுதான் பெயர். துறைமுகத்திலும் மைனா உண்டு. ஆனால் அங்கே அதற்கு 'இறக்கு, கயிற்றை விடு' என்று அர்த்தம். தூக்கு என்பதற்கு வீரா. பதினோரு வருடம் அந்த இரண்டு சொல்லுக்கும் ஆடிய கைகள் அவனைக் கேட்கவில்லை. சரசரவென்று பத்தடிக் கயிற்றை விட்டுவிட்டன.

"என்னடா பண்றே! இழு! துளைக்கு இழு!"

இழுத்தான். கயிறு வரவில்லை. தொய்ந்த கயிறு மிதந்து போய்ப் பனியின் அடிப்பக்க வெடிப்பொன்றில் சிக்கியிருந்தது.

நஸார் ரொட்டியை எறிந்துவிட்டு ஓடி வந்தான். அவசரத்தில், தண்ணீருக்குள் தலை போகுமுன்னே கருவியை வாயில் வைத்து இரண்டு மூச்சு இழுத்தான். பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தைந்து பாகைக் குளிரில் அதைத்தான் செய்யக் கூடாது. தினம் காலையில் வஸ்ஸா சொல்லும் முதல் பாடமே அது. இறங்கியவன் உடனே, கருவி காற்றைச் சீற, மேலே வந்தான். "உறைஞ்சுபோச்சு... என்னுதும்..."

இனி முங்க யாரும் இல்லை. உலீத்தாவிடம் இரண்டாவது மூச்சுக்கருவி இருக்கிறது. ஆனால் முதுகு உருளையில் எவ்வளவு காற்று மிச்சம்? ஐந்து நிமிடமா, ஒன்றா? நான்தான் விட்டேன். என் கைதான்.

நிகாந்தர் கையுறையைக் கழற்றி எறிந்தான். பனிமேல் குப்புற விழுந்து, கயிற்றோடு வலது கையைத் தோள்வரை தண்ணீரில் அமிழ்த்தினான். மேலிருந்து இழுத்தால் கயிறு வெடிப்பில் இன்னும் இறுகும். கீழிருந்து இழுத்தால் ஒருவேளை கழலும். முதலில் கை எரிந்தது, பிறகு எலும்பு வலித்தது, பிறகு கை இருப்பதே தெரியவில்லை. விரல் மூடியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். கீழ்நோக்கி ஒரு வெட்டு. இன்னொன்று. கன்னம் தண்ணீரைத் தொட்டது. மூன்றாவது வெட்டில் கயிறு விடுபட்டது.

"வீரா," என்று முனகினான். "வீரா, வீரா..."

வஸ்ஸாவும் வந்து பிடித்தாள். கறுப்புத் தலையொன்று துளையில் முட்டியது. முகமூடி இல்லை, உதடு நீலம். வாயிலிருந்து கருவி விழுந்ததும் இருமினாள்.

"மூணு தடவை இழுத்தேனே அண்ணே."

அவளை நஸாரும் வஸ்ஸாவும் அடுப்பு எரியும் கூடாரத்துக்குள் தூக்கிக்கொண்டு போனார்கள். வஸ்ஸா கம்பளியோடு திரும்பி வந்து நிகாந்தரின் கையைச் சுற்றினாள்.

"துளைக்குக் கொண்டு வான்னுதானப்பா கத்தினேன்."

"எனக்கு இறக்குன்னு கேட்டுது, வஸ்ஸா அர்ஹிப்போவ்னா."

அவள் அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டாள். "பத்தொம்பது வருஷமா அந்தச் சொல்லைத்தான் கத்திட்டிருக்கேன். நீ கிரேன்காரன்னு உன் விண்ணப்பத்துல எழுதியிருந்துச்சு. படிச்சேன். தோணலையே."

உலீத்தாவின் பட்டைக் கொக்கி உறைந்துபோயிருந்ததால் கயிற்றை இன்னும் கழற்றவில்லை. அது கூடாரத் துணிக்கு அடியில் புகுந்து உள்ளே போயிற்று. வெளியே அதன் நுனி நிகாந்தரின் இடது கையில் இருந்தது.

"விடுப்பா அதை," என்றாள் வஸ்ஸா.

அவன் விடவில்லை.

கயிறு லேசாக அசைந்தது. காற்றாக இருக்கும். காத்திருந்தான். மறுபடியும், தெளிவாக, ஓர் இழுப்பு.

அவன் எண்ணினான். ஒன்றுதான். பிறகு பதிலுக்கு ஒரு முறை இழுத்தான்.