கடலில் போட்ட முட்டை

1

இந்தக் கதை ஒரு முட்டையிலிருந்து வந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதையோ ஒளித்தேன் என்று பிறகு நீங்கள் பேசக் கூடாது.

பெயர் அப்பாவு. ஊர் கவரைப்பேட்டை பக்கம். ஐந்தாவது வரை படிப்பு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக்கம்பி ஆலையில் இருபத்தாறு வருஷம் உலை வேலை. கதை எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை. இப்போது நானே எழுதுகிறேன். என்னையும் பார்த்துத்தான் படியுங்கள்.

முதல் வரியை மூன்று தடவை எழுதினேன்.

2007ஆம் வருஷம், அலைகள் பாடும் பழவேற்காட்டுக் கரையில்...

(அலை பாடாது, இரையும். அடித்துவிட்டேன்.)

ஒரு ஊரில் ஒரு கருவாட்டு வியாபாரி இருந்தார், அவர் ஒரு திருட்டு...

(இது கோபத்தில் எழுதியது. இதை ஏன் அடித்தேன் என்பதுதான் கதை.)

மூன்றாவது, நீங்கள் மேலே படித்தது.

2

எங்கள் ஆலை ஆபீஸில் கடல்மீன் தொட்டி ஒன்று இருந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்க்கலாம். உலைக்காரன் உள்ளே போனால் தரை அழுக்காகிவிடும். வேலையிலிருந்து நின்றதும் எனக்கென்று ஒன்று வைக்க முடிவுசெய்தேன்.

கொளத்தூர் வளர்ப்பு மீன்கடைக்காரன் நீளமாகப் பட்டியல் சொன்னான். டப்பாவில் கடல் உப்புத்தூள், உப்பு அளக்கும் கருவி, தனி விளக்கு, இன்னும் என்னென்னவோ. பட்டியலில் பாதியை நம்பவில்லை, மீதிக்குக் காசில்லை. உள்ளூர்க் கண்ணாடிக் கடையில் தொட்டி ஒட்டினேன். விளக்குக்கு டியூப் லைட். அவனிடம் வாங்கியது பழைய பில்டர் ஒன்று, கல், கடல் சாமந்தி (பார்க்கப் பூ, ஆனால் மீனைப்போல அதுவும் உயிர்), ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட மீன் இரண்டு. அவ்வளவுதான்.*

* பவளம் வைக்கவில்லை. கடலிலிருந்து எடுத்தால் சட்டம் பிடிக்கும். பவளம் இல்லாமல் இதற்குப் பவளத் தொட்டி என்று பெயர் எப்படி என்று கேட்காதீர்கள், கடைக்காரன் வைத்த பெயர்.

உப்புத்தூளும் வாங்கவில்லை. கடல் பக்கத்தில் இருக்கும்போது எவனாவது கடலை டப்பாவில் வாங்குவானா?

3

இப்போது ஷஃபியுல்லா பாய் வருகிறார். பழவேற்காட்டுக்காரர். புதன்கிழமைதோறும் கும்மிடிப்பூண்டி பஜாரில் கருவாடு போடுவார். எனக்கு முப்பது வருஷப் பழக்கம்.

"பாய், கடல் தண்ணி நாலு கேன் வேணும்."

"இன்னா நைனா, ஜனம் நல்ல தண்ணிக்குக் காலிக் கொடத்தோட சுத்துது. நீ உப்புத்தண்ணி கேக்குற."

"மீன் வளக்கத்தான்."

"மீனு எங்கூர்லயே கீது. வந்து பாத்துக்கினு போ. இன்னாத்துக்கு ஊட்டுக்கு இஸ்துக்கினு வர?"

சொன்னாரே தவிர, படகுக்காரரிடம் சொல்லி, முகத்துவாரம் தாண்டித் தெளிந்த தண்ணீராக எடுத்து, கருவாட்டு வேனிலேயே கொண்டுவந்தார். காசு வாங்கவில்லை. இரண்டு மாதத்தில் தொட்டி பழகியது. மீன் இரண்டும் சாமந்திக்குள் புரண்டு விளையாடின. என் மனைவி மணியம்மாள் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்: "மீனுக்கு டியூப் லைட்டு. சோறாக்குறவளுக்குக் குண்டு பல்பு."

(இந்தப் பகுதியில் எல்லோரும் நல்லவர்கள். படிக்கிறவனுக்குச் சந்தேகம் வரும். எனக்கும் வந்தது.)

4

எங்கள் பக்கம் விதைநெல் தேர்ந்தெடுக்க உப்புத்தண்ணீர் கரைப்போம். அதில் ஒரு கோழிமுட்டையை விடுவோம். மிதந்து, நாலணா அகலத்துக்கு வெளியே தெரிந்தால் உப்பு சரி. பிறகு நெல்லைக் கொட்டினால் பதர் மேலே வரும், நல்ல நெல் அடியில் நிற்கும். என் அறுபது சென்ட் நிலத்துக்கு அன்று அந்த வேலை. முட்டை கையில் இருந்தது. தொட்டித் தண்ணீர் மாற்ற பாய் புதிதாகக் கொடுத்த கேன் இரண்டு பக்கத்தில் இருந்தன. சும்மா ஒன்றில் விட்டேன்.

முழுகியது. நேரே அடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

இந்த இடத்தில் நல்ல எழுத்தாளன் மனப்போராட்டம் எழுதுவான். எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. வழியில் எங்கேயோ குழாய்த் தண்ணீர் பிடித்துக் கலந்திருக்கிறார் என்று உடனே தெரிந்துவிட்டது.

புதன்கிழமை பஜாரில், நாலு பேர் முன்னால் கேட்டேன்.

"பாய், இது கடல் தண்ணியா, கொழாத் தண்ணியா?"

"இன்னா கேக்குற நைனா?"

"முட்ட முழுவுது. உப்பு இருந்தா மெதக்கணும். எங்கிட்டயே கலப்படமா?"

முதலில் எழுதியபோது, பாய் இங்கே திருட்டுச் சிரிப்புச் சிரித்தார் என்று போட்டிருந்தேன். அவர் சிரிக்கவில்லை. தராசில் இருந்த கருவாட்டைத் திரும்பக் கூடையில் போட்டார்.

"முப்பது வருசமா என்னத் தெரியும் ஒனக்கு. முட்டய நம்புற, என்ன நம்பல. போ நைனா."

வீட்டுக்கு வந்தேன். ஒரு கேனில் முட்டை மிதக்கும்வரை கல்லுப்பைக் கரைத்துத் தொட்டியில் ஊற்றினேன். சாயங்காலத்துக்குள் ஒரு மீன் செத்துவிட்டது. சாமந்தி சுருங்கிக் கொட்டைப்பாக்காகிவிட்டது. மணியம்மாள்தான் தொட்டித் தண்ணீரை மொண்டு கொட்டி, உப்புப் போடாத கேனைத் தூக்கி ஊற்றினாள். "இத்தினி நாளா இதுலதான உயிரோட இருந்துச்சு" என்றாள். மிச்ச மீன் பிழைத்தது.

5

அப்போதும் நான் பாயை நம்பவில்லை. மூன்று முட்டைகளோடு பழவேற்காடு பஸ் ஏறினேன். (ஒன்று கெட்டதாக இருந்தால்?) படகில் ஏரியைத் தாண்டி அக்கரை போய், கடலில் முழங்கால் அளவுக்கு நின்று ஒவ்வொன்றாக விட்டேன்.

வலை காயவைத்துக்கொண்டிருந்தவர் கேட்டார்: "இன்னா பெருசு, வேண்டுதலா?"

"உப்பு சரியாக் கீதான்னு பாக்குறேன்."

"கடல்லயா? இல்லன்னா யார் மேல கேஸ் போடுவ?"

மூன்றும் முழுகின. விதைநெல்லுக்கு நாங்கள் கரைப்பது கடலைவிட அதிக உப்பு. அறுபத்திரண்டு வயதில் அன்றுதான் தெரிந்தது.

பாய் கடை படகுத்துறையிலிருந்து இரண்டாவது தெரு. நான் போகவில்லை. பஸ் ஏறிவிட்டேன்.

6

நாலு புதனாக பாய் பஜாருக்கு வரவில்லை. மீஞ்சூரில் கடை போடுகிறாராம். தொட்டித் தண்ணீர் மங்கிவிட்டது. கொளத்தூர் உப்புத்தூளைக் கரைக்கலாமே என்பீர்கள். கரைக்கலாம். மீனுக்கு அது போதும், எனக்குப் போதாது.

முடிவு மூன்று எழுதிப் பார்த்தேன்.

அ. பாய் தானாகவே கேனோடு வந்து இறங்குகிறார், இருவரும் டீ குடிக்கிறோம். (கதை எழுதுகிறவனும் தண்ணீர் கலக்கிறவன்தான். இது கலப்படம்.)

ஆ. மிச்ச மீனும் சாகிறது. (எனக்குப் புத்தி வர அது ஏன் சாக வேண்டும்?)

இ. நான் பாய் கடைக்குப் போய், "பாய், நான் அன்னிக்கி...

இந்த வாக்கியத்தைப் பதினோரு தடவை ஆரம்பித்தேன். மணியம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"தப்புன்னு எழுத எத்தினி நாளு?"

"பேனா மக்கர் பண்ணுது."

"பேனாவா பண்ணுது?"

7

இதைப் பழவேற்காடு பஸ் நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலடியில் காலிக் கேன் இரண்டு. பாய் கடை திறந்திருப்பது இங்கிருந்தே தெரிகிறது. திரும்பிப் போகிற பஸ்ஸும் நிற்கிறது.

எதை நோக்கி எழுந்தேன் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று. கருவாடு கட்ட வாங்கும் பழைய பத்திரிகைகளை பாய் ஒரு பக்கம் விடாமல் படித்துவிட்டுத்தான் கிழிப்பார். இதுவும் ஒருநாள் அவர் கைக்குப் போகும். அதனால் என்னை அழவைத்தோ, நல்லவனாக்கியோ எழுதிவிடாதீர்கள். அவர் நம்ப மாட்டார்.